பதிமூன்றாயிரத்து மூன்று கிலோமீட்டர்

1

‘இந்தியாவுக்கு எதற்காகப் போகிறீர்கள்?’ என்று போன மாதம் ஒரு படிவம் என்னைக் கேட்டது.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டேன். விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி, ஆட்டோக்காரரோடு நாலு வார்த்தை மல்லுக்கட்டி, ஆலடி ரோட்டில் இருக்கிற என் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குக் காரணம் எழுத வேண்டுமாம். சுற்றுலாவா, வியாபாரமா, உறவினரைப் பார்க்கவா என்று கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் எனக்கு உறவினர்தான். இல்லை என்று சொல்ல முடியாது.

நான் கனடாவின் குடிமகளாகி எட்டு மாதம் ஆகிறது. பழைய பாஸ்போர்ட்டில் ‘ரத்து’ முத்திரை விழுந்துவிட்டது. ஆயுளுக்கும் போய்வர ஒரு அட்டை இருக்கிறதாம், அது கைக்கு வர நாளாகும். பொங்கலுக்கு ஊரில் இருக்க வேண்டுமென்றால் விசாதான் வழி. ‘சொந்த வூட்டுக்கே வெத்தல பாக்கு வச்சி அழச்சாத்தான் போவியா’ என்று எங்கள் பட்டறையில் சரோஜா அக்கா கேட்பார். இப்போது அதுவும் நடந்துவிட்டது.

இந்த விசா எந்த வழியாக என் கைக்கு வந்தது என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. இதில் ஒரு புருஷன், ஒரு மகள், ஒரு சாமி, இரண்டு மனு. அவ்வளவுதான் கதை.

2

எங்களுக்கு விருத்தாசலத்தில் சின்னதாக ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறை. தகரக் கொட்டகை, வேலைக்கு ஆறு பெண்கள், மேலே என் வீட்டுக்காரர். கூழாகக் கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றி, பொம்மை எடுத்து, காயவைத்து, பொதுச் சூளைக்குக் கொண்டுபோய்ச் சுட்டு எடுத்து வருவார். கண்ணும் புருவமும் எழுதுவது என் வேலை. ‘வசந்தா கண்ணு எழுதுன புள்ளையாரு கும்புடறவங்கள பாக்க மாட்டாரு, பக்கத்துல எவ வராளுன்னுதான் பாப்பாரு’ என்று சரோஜா அக்கா கேலி செய்வார். அவர்தான் பட்டறையில் மூத்தவர். வாயைத் திறந்தால் பழமொழி. பழமொழி தீர்ந்துவிட்டால் அங்கேயே ஒன்று செய்து, சூடாகக் கையில் கொடுப்பார். எனக்கு இந்த வியாதி அவரிடமிருந்து ஒட்டியதுதான்.

ஒரு சமயம் ஆர்டர் குறைந்து பட்டறை படுத்துக்கொண்டது. நான் பிளஸ் டூ பாஸ் பண்ணியவள், யாரோ சொல்லி சிங்கப்பூரில் ஒரு வீட்டு வேலைக்குப் போனேன். அங்கிருந்து கனடா. வீட்டோடு தங்கி வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. இங்கிலீஷை அந்த வீட்டுப் பாட்டியம்மாவின் டிவியிலும், அவர் என்னைத் திட்டியதிலும் கற்றுக்கொண்டேன். கிளம்பும்போது மகள் கயலுக்கு ஏழு வயது. ‘ரெண்டே வருஷம்’ என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ‘ரெண்டு வருஷம்னு போனவங்க எவங்க ரெண்டு வருஷத்துல வந்தாங்க?’ என்றார் சரோஜா அக்கா. அப்போது அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது.

நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்து என் வீட்டுக்காரரையும் கயலையும் இங்கே அழைத்துக்கொண்டபோது அவளுக்குப் பதிமூன்று வயது. நவம்பர் மாதம். டொரொண்டோவை ஒட்டிய ஸ்கார்பரோவில், பதினாலாவது மாடியில் வீடு. அட்டைப்பெட்டி மடிக்கிற ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்தது. சூளை வாயில் நின்று பழகிய மனிதர், வீட்டுக்கு வந்ததும் கரண்ட் அடுப்பைப் போட்டு அதன்மேல் இரண்டு உள்ளங்கையையும் காட்டிக்கொண்டு நிற்பார். சமைக்க வந்தால் எனக்கு அடுப்பு கிடைக்காது.

“வசந்தா, இந்த ஊருல எல்லாம் இருக்குது. என்னைப் பேரு சொல்லிக் கூப்புடத்தான் ஒரு ஆளு இல்ல.”

“நான் இருக்கன்ல?”

“நீ என்னைக்கு என் பேரச் சொல்லிக் கூப்புட்ட? கூப்புட்டாலும் நீதான் வேலைக்குப் போயிடுறியே.”

ஐந்து மாதம் தாங்கினார். ஏப்ரலில் டிக்கெட் போட்டுவிட்டார். கயல் இங்கேயே படிக்கட்டும் என்று அவரேதான் சொன்னார்.

“சுட்ட மண்ணும் பச்ச மண்ணும் ஒட்டாது வசந்தா, உனக்குத் தெரியாததா? அவ பச்ச மண்ணு, எந்த அச்சுல ஊத்துனாலும் புடிச்சிக்குவா. நான் சூளைக்குள்ள போயிட்டு வந்தவன். இனிமே ஒடைக்கலாம், வளைக்க முடியாது.”

“அப்ப நான்?”

கரண்ட் அடுப்பை அணைத்தார். “நீ இன்னும் சூளைக்குள்ளதான் இருக்குற.”

எங்கள் பக்கம் வாசலைத் தாண்டும்போது ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது. அதனால் ஏர்போர்ட்டிலும் ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொன்னார். அது வழக்கத்துக்குச் சொன்னதா, நிஜமாகவே சொன்னதா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

3

அவர் போனபிறகு என் நாள் இரண்டாகப் பிரிந்தது. காலை ஏழு மணிக்குப் போன் கார்டைச் சுரண்டி நம்பரைப் போட்டால், அங்கே சாயங்காலம் ஐந்தரை. பெண்கள் கை கழுவிக்கொண்டு கிளம்புகிற நேரம். பத்து நிமிடம் நான் விருத்தாசலத்தில் இருப்பேன். பிறகு பஸ் பிடித்து முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போவேன். மிச்ச நாள் முழுக்க, இன்னொருத்தருடைய அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டு, அந்தப் பத்து நிமிடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மூன்று வருஷம் இங்கே தங்கியிருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கயலின் காலேஜுக்கு நல்லது, எனக்கும் வேலையில் பயமில்லை. அவரிடம் சொன்னேன்.

“கொழந்தைக்கு நல்லதுன்னா வாங்கிக்க. அப்ப நம்ம பாஸ்போர்ட்டு?”

“அதை விட்டுடணும்ங்க.”

“ஓ.”

அந்த ‘ஓ’வோடு நான் போனை வைத்துவிட்டேன். கார்டில் இன்னும் நிமிடம் மிச்சம் இருந்தது.

படிவத்தை நானே நிரப்பினேன். அங்கேதான் தப்பு பண்ணினேன். நம் ஊரில் ரேஷன் கார்டோ ஸ்கூல் அட்மிஷனோ, எந்தப் படிவத்தை எடுத்தாலும் இரண்டு முகவரி கேட்பார்கள்: தற்காலிக முகவரி, நிரந்தர முகவரி. கனடாக்காரர்கள் ஒன்றுதான் கேட்டிருந்தார்கள். பாவம், மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, ஸ்கார்பரோ முகவரிக்குப் பக்கத்தில் ‘தற்காலிகம்’ என்று எழுதி, ஓரத்தில் இருந்த வெள்ளை இடத்தில் ‘நிரந்தர முகவரி’ என்று தலைப்புப் போட்டு, ஆலடி ரோட்டு வீட்டைக் கதவு எண்ணோடு எழுதி அனுப்பினேன். கையெழுத்து அழகாக இருந்தது. கண் எழுதிய கையல்லவா.

இந்த நாட்டிலேயே இருக்கப்போகிறேன் என்று சொல்லிக் குடியுரிமை கேட்கிற மனு அது. அதில் நானே என் கையால், இங்கே இருப்பது தற்காலிகம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆறு மாதம் கழித்துத் தடிமனாக ஒரு கவர் வந்தது. உள்ளே பக்கம் பக்கமாகக் கேள்வி. கணவர் எங்கே வசிக்கிறார்? ஏன்? வெளிநாட்டில் வீடு உண்டா? ஏதாவது சங்கத்தில் உறுப்பினரா? நான் ஒன்றையும் மறைக்கவில்லை. மகளிர் சுய உதவிக் குழுவில் இன்னும் என் பேர் இருக்கிறது என்பதுவரை எழுதினேன். இங்கேயே இருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். சம்பளச் சீட்டோடு, ஷூ டப்பாவில் சேர்த்து வைத்திருந்த போன் கார்டுகளையும் அனுப்பினேன், இருநூறுக்கு மேல் இருக்கும். தினமும் இங்கிருந்துதான் பேசியிருக்கிறேன் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? தபாலில் போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் உறைத்தது. தினமும் எங்கே பேசினேன் என்பதற்கும் அதுதான் சாட்சி.

4

அதற்குப் பிறகு பதிலே இல்லை. கயலின் பெயரும் என் விண்ணப்பத்தோடுதான் போயிருந்தது. எனக்கு மறுத்தால் அவளுக்கும் இல்லை. கடைசியில் ஒருநாள் காலை அவரிடம் சொன்னேன்:

“ஏங்க, கொளஞ்சியப்பருக்கு ஒரு மனு போட்டுடுங்க.”

விருத்தாசலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் எங்கள் ஊர்க்காரர்கள் வாயால் வேண்டிக்கொண்டு வருவதோடு விடமாட்டார்கள். தாசில்தாருக்கு எழுதுவதுபோல வெள்ளைத் தாளில் பேர், ஊர், குறை, ஊருக்கும் கோயிலுக்கும் எத்தனை கிலோமீட்டர் என்பது உட்பட எழுதி, பிராது கொடுப்பார்கள். அதைச் சாமி காலடியில் வைத்து எடுத்து, அங்கே காவல் நிற்கிற முனியப்பர் முன்னால் இருக்கிற வேலில் கட்டிவிடுவார்கள். மூன்று மாதத்தில் தீர்ப்பு. காரியம் முடிந்ததும் திரும்ப வந்து மனுவை வாபஸ் வாங்க வேண்டும். அது முக்கியம். வாபஸ் வாங்காமல் விட்டால், வேலை முடிந்த பிறகும் சாமியை வாசலில் நிற்க வைத்த மாதிரி.

“யாரு மேல மனு?” என்று கேட்டார் அவர்.

“யாரு மேலயா? ஆபீஸ் மேலதான்.”

“வெள்ளக்காரன் ஆபீஸு நம்ம சாமி எல்லைக்குள்ள வருமா வசந்தா? அங்கயும் ஒரு கிளை இருக்குதா?”

“கிண்டல் பண்ணாதீங்க. போடுவீங்களா, மாட்டீங்களா?”

“போடறன், போடறன்.”

அடுத்த வாரம் முழு விவரமும் வந்தது. சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு.

“மனு எழுதறவரு எந்த ஊருன்னாரு. கனடான்னன். எத்தன கிலோமீட்டருன்னாரு. தெரியலன்னன். பேனாவ மூடி வச்சிட்டாரு.”

“அப்புறம்?”

“சாமி கும்புட வந்த வாத்தியாரு ஒருத்தரு, பதிமூணாயிரம் வரும்னாரு. நான் பதிமூணாயிரத்து மூணுன்னு போடச் சொன்னன்.”

“அதென்ன மூணு?”

“பதிமூணாயிரம் ஆகாசத்துல. நம்ம பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கோயிலுக்கு மூணு. கணக்கு சரியா இருக்கணும்ல?”

பஸ்ஸில் வேலைக்குப் போகிறவரை சிரித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

5

நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. முதல் நாள், கூட வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து ரஞ்சிதம் அக்கா எனக்குப் பாடம் எடுத்தார்: “மனுசன் வாறாரோ எண்டு கேட்டால் ஓமெண்டு சொல்லும் பிள்ளை. அடுத்த வருசம் வாறார் எண்டு சொல்லும். ஆர் வந்து பாக்கப்போகினம்?”

என்னை விசாரித்த அதிகாரி என் வயதுப் பெண். என் படிவத்தை எடுத்து, ஓரத்தில் நான் எழுதியிருந்ததைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார்.

“இதுதான் உங்கள் நிரந்தர வீடு என்றால், நீங்கள் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?”

யாரும் என்னை அதுவரை இப்படி நேராகக் கேட்டதில்லை. நம் ஊர்ப் படிவங்களின் கதையைச் சொன்னேன். தாலி கட்டி எந்த வீட்டுக்குள் அழைத்துப் போனார்களோ அதைத்தான் அந்த இடத்தில் எழுதப் பழகியிருக்கிறோம் என்றேன். என் இங்கிலீஷ் அங்கங்கே நொண்டியது. அவர் அவசரப்படுத்தவில்லை.

“உங்கள் கணவர் இங்கே வந்து சேருவாரா?”

ரஞ்சிதம் அக்கா சொல்லிக்கொடுத்த ‘ஓம்’, அவர்கள் ஊர் ‘ஆமாம்’, தொண்டைவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் வேலை சுலபம். ஆனால் அந்த வார்த்தையை மூன்று வருஷமாக எனக்கே சொல்லிச் சொல்லித்தான் தேய்ந்துபோயிருந்தேன்.

“மாட்டார்,” என்றேன். “அவர் அங்கேதான் இருப்பார். நான் இங்கேதான் இருப்பேன். என் மகள் இங்கே இருக்கிறாள்.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அதிகாரி டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார். குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டார். தலைகீழாக இருந்ததால் என்னால் படிக்க முடியவில்லை.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். ஊரில் ஒருத்தி இப்படி நின்றால், ‘என்னா வசந்தா, மூஞ்சி ஏன் இப்பிடி இருக்குது?’ என்று கேட்க நாலு பேர் வருவார்கள், நாலு பேருக்கும் பதில் சொல்லி எரிச்சலாக வரும். இங்கே மூன்று பஸ் வந்து போயிற்று. ஒருத்தரும் கேட்கவில்லை. அவருக்குப் போன் பண்ணவும் மனம் வரவில்லை. நான் சொல்லிவிட்டு வந்த பதிலை முதலில் கேட்டிருக்க வேண்டியவர் அவர்.

6

மனு போட்டு மூன்று மாதம் நிறைய ஒரு வாரம் இருக்கும்போது, உறுதிமொழி எடுத்துக்கொள்ள வரச் சொல்லிக் கடிதம் வந்தது. கொளஞ்சியப்பருக்கு இங்கேயும் கிளை இருக்கிறதோ என்னவோ.

பெரிய ஹால். பல தேசத்து ஜனங்கள், குடும்பம் குடும்பமாக. நான் பட்டுப்புடவை கட்டி, மேலே குளிர்கோட்டு போட்டிருந்தேன். வலது கையைத் தூக்கிக்கொண்டு, ஒருவர் சொல்லச் சொல்ல எல்லோரும் திருப்பிச் சொன்னோம். நான் பாதி வார்த்தைகளை முழுங்கினேன். கயல் ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. அவளைப் பள்ளியில் ‘கே’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். வந்த புதிதில் ‘நம்ம ஊரு’ என்பாள். அது எப்போது ‘அப்பா ஊரு’ ஆனது, எப்போது ‘உங்க ஊரு’ ஆனது என்று நான் கவனிக்கவில்லை.

வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “அம்மா, இனிமே நம்மள யாரும் போன்னு சொல்ல முடியாது!”

“ஆமாண்டி,” என்றேன். “வான்னு சொல்றவருக்கு ஒரு போன் பண்ணிடலாம்.”

“நீ பேசு. ஐ’ம் ஸ்டார்விங்மா, நான் போய் சாப்பிட ஏதாவது வாங்கிட்டு வரேன்.”

போனைச் சரோஜா அக்காதான் எடுத்தார். அங்கே ராத்திரி; சூளைக்கு அவசர லோடு ஏற்ற அவர் போயிருக்கிறாராம், அதுவரை பட்டறைக்குக் காவல் இவர். விஷயத்தைச் சொன்னேன்.

“பலிச்சிடுச்சா! ஒம் மனு பலிச்சிடுச்சா! அப்ப அவரு மனு?”

“அவரு என்னா மனு போட்டாரு?”

மறுமுனையில் நாக்கைக் கடித்துக்கொண்டது எனக்கே கேட்டது. சரோஜா அக்காவின் வாய்க்குள் ஒரு விஷயம் தங்கினால் அதுவே ஒரு அதிசயம்.

“சொல்லக்கூடாதுன்னாரு. நீ கேக்கற, நான் சொல்றன். அன்னைக்கு கூட நானும்தான் கோயிலுக்குப் போனன். ஒம்பேருல ஒண்ணு எழுதுனாரு, உனக்கு கெடைக்கணும்னு. அத முடிச்சிட்டு இன்னொரு தாள் கேட்டாரு. அது அவரு பேருல, ஒம்மேல.”

“எம்மேலயா?”

“எம் பொண்டாட்டி வூட்டுக்கு வந்து சேரணும்னு. ஒன் வெலாசத்துக்கு எத்தன கிலோமீட்டருன்னு மறுபடியும் கேட்டாங்க. மூணுன்னாரு. இப்பத்தான பதிமூணாயிரத்து மூணுன்னு சொன்னீங்கன்னாங்க. அது அவ வேல செய்யற எடம், அவ வூடு மூணுதான்னாரு.”

கயல் இரண்டு கையிலும் சாண்ட்விச்சோடு வந்துகொண்டிருந்தாள். பட்டுப்புடவைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

ஒரே நாளில், ஒரே சாமி காலடியில், ஒரே பேனாவால் இரண்டு மனு. என்னுடையதை முதலில் எழுதியிருக்கிறார்.

7

இந்த எட்டு மாதமும் அந்த இரண்டாவது மனுவைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நானும் காட்டிக்கொள்ளவில்லை. காலை ஏழு மணிக்கு மழை, கரண்ட், களிமண் விலை எல்லாம் பேசினோம்.

விசா படிவத்துக்கு வருகிறேன். அது நம் நாட்டுப் படிவம், அதனால் மறக்காமல் இரண்டு முகவரியும் கேட்டிருந்தது. ‘நிரந்தர முகவரி’ என்ற இடத்தில் கை தானாக ஆலடி ரோடு என்று எழுதப் போயிற்று. நிறுத்தினேன். ஸ்கார்பரோ முகவரியைப் பதினாலாவது மாடியோடு எழுதினேன். ஆலடி ரோட்டு வீட்டுக்கு இன்னொரு கட்டம் இருந்தது: ‘இந்தியாவில் எங்கே தங்குவீர்கள்?’

நேற்று விசா ஒட்டின பாஸ்போர்ட் தபாலில் வந்தது. இன்று காலை அவரைக் கூப்பிட்டேன்.

“டிக்கெட் போட்டுட்டங்க. பொங்கலுக்கு அங்க இருப்பன். கயலுக்கு பரீட்சை, அவ வரல. எம் மனுவ வாபஸ் வாங்கணும்ல, பாவம், சாமி வாசல்லயே நிக்கறாரு.”

“ஆமாம், ஆமாம். வந்து வாங்கிடு.”

“ரெண்டையும் வாங்கிடலாம்ங்க.”

அங்கே தட்டில் பொம்மை அடுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

“சரோஜாக்கா சொல்லிட்டாங்களா?”

“எப்பவோ.”

“அவங்க வாயில களிமண்ண ஊத்த.” சிரிக்கப் பார்த்தார். “அது எம் மனு வசந்தா. நான்தான் வாங்கணும். நீ வந்து நின்னின்னா வாங்குறன்.”

“நான்தான் வரனே.”

கார்டில் நிமிடம் ஓடியது. பிறகு, பட்டறையில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“விசாவுல எத்தன நாளு போட்டிருக்காங்க?”

“ஆறு மாசம் வரைக்கும் இருக்கலாம்ங்க. எனக்கு லீவு ஒரு மாசந்தான்.”

“ஓ.”

அதே ‘ஓ’. இந்தத் தடவை நான் போனை வைக்காமல் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பொம்மை அடுக்குகிற சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

“சரி, நீ வா,” என்றார். “உன்னுத வாபஸ் வாங்கிக்க. என்னுது கட்டுனபடியே இருக்கட்டும்.”